தோல் காலணிப் பராமரிப்பு

தோல் காலணிகளைத் துடைத்தும் மெழுகிட்டும் தைத்தும் நெடுநாள் உழைக்கச் செய்யும் வேலை. புதுக்கோட்டை மாவட்டத்தின் செம்மண் தரிசுகளில் தானாக முளைக்கும் ஆவாரைக்கும் தோலுக்கும் பழைய உறவு: ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதப்படுத்திய தோல் ஒருகாலத்தில் தமிழகத்தின் முக்கிய ஏற்றுமதிச் சரக்கு. இன்றைய ஷூக்களின் மேல்தோல் பெரும்பாலும் குரோமிய உப்பில் பதமானது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் பதனிடும் தொழிலின் மையங்கள். சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948இல் அமைந்தது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பீரோவுக்குள் பூட்டிய ஷூவில் பூசணம் பூக்கும். கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் அது கண்ணில் படும். துணியால் துடைத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, நிழலில் காற்றாட வைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். பாலிஷ் அதற்குப் பிறகுதான். பட்டாணி அளவு போதும்.

சுவேட் என்பது பெரும்பாலும் தோலின் உட்புறத்தைத் தேய்த்து மென்மயிர் எழுப்பியது. அதற்கு பாலிஷ் ஆகவே ஆகாது. காய்ந்த கறையைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, பிரஷ்ஷால் ஒரே திசையில் வாரிவிடலாம்.

அடிப்பாகம் வாய் பிளந்தால் வெறும் பசையை நம்ப முடியாது. தைப்பவர் குத்தூசியால் துளையிட்டு, மெழுகு தேய்த்த நூலை இருபுறமும் இழுத்துப் போடும் தையல்தான் நிற்கும். குதிகாலின் ரப்பரை முழுதும் தேயும் முன்பே மாற்றிவிடுவது மலிவு.