எந்தக் களரிக்குச் செல்வது?

"கராத்தே கற்கலாமா, கம்பு சுற்றலாமா? எது நல்லது, ஐயா?" வகுப்பு முடிந்த வேளையில் மாணவி ஒருத்தி கேட்டாள். பக்கத்தில் நின்ற பையன் முந்திக்கொண்டான்: "சிலம்பந்தான்! ஐயாயிரம் ஆண்டுப் பழைமை!"

பழைமை! எதற்கெடுத்தாலும் இந்நாட்டில் எடுத்து நீட்டப்படும் சான்றிதழ் அதுதானே! உடலை உரமாக்கவும், இடர் வந்தால் தன்னைக் காத்துக்கொள்ளவும் ஒரு கலையைத் தேடுகிறாள் அந்தப் பெண். கலையின் வயது அவளுக்கு எவ்வாறு துணை நிற்கும்? வரலாற்றையே கேட்டுப் பார்ப்போம், தோழர்களே!

நம் காரைக்காலிலிருந்து கடலோரமாக வடக்கே சென்று, தரங்கம்பாடியைக் கடந்தால் பூம்புகார். அவ்வூரைப் பாடிய பட்டினப்பாலை, மணல்மேட்டில் கூடிய பரதவர் தம்முள் பொருத களரியை நமக்குக் காட்டுகிறது. முடியுடை மன்னரல்லர் அவர்கள். மீன்பிடித்து வாழ்ந்த மக்கள். அவர்களுக்கு ஆசானாக அமைந்தது எது? மந்திரமா? மறைபொருளா? இல்லை. எதிரே நின்று திருப்பி அடித்த இன்னொருவனின் கை!

பின்னர் வந்தது வெள்ளையர் காலம். பாளையக்காரர் போர் முடிந்ததும், 1801 டிசம்பர் 1ஆம் நாள், சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் கோட்டைகளை இடிக்கவும் படைக்கலங்களைப் பறிக்கவும் ஆணை பிறப்பித்தார். 1878இல் படைக்கலச் சட்டமும் வந்தது. வாளும் வேலும் போயின. உழவன் கையில் கம்பு எஞ்சியது. மோதிப் பார்க்கும் வாய்ப்புக் குறைந்துவிட்டால், எந்தக் கலையைச் சுற்றியும் கதைகள் முளைக்கும்.

கதையை நம்பிக் களம் புகுந்தோர் கதி என்ன? சீனத்தைப் பாருங்கள். 1900இல் 'பாக்சர்' எழுச்சியில் திரண்ட இளைஞர்கள், சடங்குகள் செய்தால் துப்பாக்கிக் குண்டு உடலைத் துளைக்காது என்று நம்பினர். அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்த அவர்தம் சினம் நேர்மையானது, நம்பிக்கையோ பொய்யானது. எட்டு நாட்டுப் படைகள் அந்த ஆகஸ்டில் பீக்கிங்கினுள் நுழைந்தன. குண்டுக்கு மந்திரம் தெரியவில்லை!

பொய்யை விலக்கிச் சோதனையை ஏற்ற கலைகளோ வளர்ந்தன. இடையிடையே ஆங்கிலேயர் பிடித்திருந்த காலம் நீங்கலாக, 1739 முதல் 1954 வரை நம் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரரின் நாட்டிலே 'சவாத்' என்றோர் உதைக்கலை உண்டு. தெருச்சண்டையில் பிறந்தது அது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சார்ல் லெக்கூர் என்பார், ஆங்கிலேயரின் குத்துச்சண்டையைக் கற்று அதனோடு இணைத்தார். "எம் முன்னோர் கலைக்கு ஈடில்லை" என்று மார்தட்டி அமர்ந்துவிடவில்லை. குறையைக் கண்டார், நிறைவு செய்தார். யப்பானில் ஜிகோரோ கானோ 1882இல் ஜூடோவை வகுத்தபோது, உயிருக்கு ஊறு செய்யும் முறைகளை மோதற்பயிற்சியிலிருந்து விலக்கினார். ஏன்? அப்போதுதான் மாணவர் அஞ்சாமல் முழு வலுவோடு நாள்தோறும் மோதிப் பழகலாம்!

பெண்ணுக்கு எதற்கு இவை என்பாரும் உளர். இலண்டனில் வாக்குரிமைக்காகப் போராடிய பெண்களுக்கு ஜுஜுத்சு கற்றுத் தந்தவர் எடித் காரட் என்ற பெண்மணி. ஐந்தடி உயரங்கூட இல்லாதவர்! 1913இல் அப்பெண்கள் தம் தலைவியைக் காவலரிடமிருந்து காக்கத் தனி அணியே அமைத்தனர்.

சிலம்பம் வேண்டாம் என்கிறோமா? இல்லை. தோளும் மணிக்கட்டும் காலும் கண்ணும் ஒருங்கே உழைக்கும் அரிய பயிற்சி அது. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் காட்சி விளையாட்டாகவும் இடம்பெற்றது. ஆனால், காற்றை மட்டும் வெட்டி அழகு காட்டுவது ஆட்டம். எதிரே ஒருவர் கம்பெடுத்து நின்று, நம் உடலைத் தொட முயலும்போதுதான் அது தற்காப்பு ஆகிறது. கராத்தேக்கும் இதுவே அளவுகோல். கடைத்தெருவில் கம்பு கையில் இராது. காலடியும், தொலைவறியும் கண்ணும், கலங்காத மூச்சும் இருக்கும். ஓடித் தப்ப வழி இருந்தால் ஓடுவதே அறிவு என்று சொல்லித் தராத ஆசான், ஆசானே அல்லன்.

ஆகவே அந்த மாணவிக்கு நான் சொன்ன விடை இது: "கலையின் பெயரைக் கேளாதே, அம்மா. பயிற்சி நடக்கும் இடத்துக்குப் போய் ஒரு மாலை முழுதும் பார். எதிர்த்து மோதிப் பழக விடுகிறார்களா? எல்லாத் தெருப் பிள்ளைகளும், ஆணும் பெண்ணும், ஒரே வரிசையில் நிற்கிறார்களா? 'ஏன்?' என்று கேட்டால் ஆசான் சினக்கிறாரா, விளக்குகிறாரா?"

அவள் போனாள். ஐயாயிரம் ஆண்டு பேசிய அந்தப் பையனும் உடன் போனான்.