சுவரும் வாயிலும்: கொம்பனித்தெருவிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆம் திகதி மாலை இலங்கை முழுவதிலும் ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கொழும்பு இரண்டு என அஞ்சற் கணக்கில் வழங்கும் கொம்பனித்தெருவும் அதனை அடுத்த நவம் மாவத்தையும் பேரை வாவிக்கரையும் வங்கி, காப்புறுதி, கப்பற்றொழில், கணினித்தொழில் முதலியவற்றின் அலுவலகங்கள் செறிந்த பகுதிகளாகும். அவ்வலுவலகங்களின் கதவுகள் அடைபட்டன, அலுவல்கள் அடைபடவில்லை. கணக்கேடுகளும் கடிதக்கோப்புகளும் உள்ளே இருந்தன. அவற்றை எழுதுவோர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நீர்கொழும்பிலும் தத்தம் வீடுகளில் இருந்தனர். இவ்விரு சாராரையும் இணைக்கும் பொறுப்பு, அலுவலக மூலையிலே நெடுநாளாக எவராலும் திரும்பிப் பார்க்கப்படாதிருந்த ஒரு சிறு பெட்டியின்மீது வந்து வீழ்ந்தது.

அப்பெட்டியே தீச்சுவர் எனப்படும் காவற்கருவி. அலுவலகத்தின் அகவலையமைப்புக்கும் புறத்தே விரிந்து கிடக்கும் இணையத்துக்கும் இடையில் நின்று, வந்துபோகும் தரவுப் பொதிகளை விதித்த ஒழுங்கின்படி ஏற்பதும் மறுப்பதும் அதன் தொழில். அச்சுவரிலே, வெளியே தங்கிவிட்ட ஊழியருக்கென அமைக்கப்படும் மறைவழியே மெய்நிகர் தனியார் வலையமைப்பு, வழக்கிலே வீ.பீ.என். என்று சுருக்கிச் சொல்லுவர். பொது இணையத்தின் ஊடாகவே சென்றாலும், இடைவழியில் நிற்போர் வாசிக்கவியலாதவாறு மறைகுறியீட்டினால் மூடப்பட்டுச் செல்வதால் அதனைச் சுரங்கம் என்றலும் உண்டு. இது பொறியியற்பீடத்தார்க்குரிய பொருளன்றோ, கலைப்பீட மாணவனுக்கு இதிலென்ன வேலை என வினவுவார் உளராகலாம். யார் உள்ளே, யார் வெளியே, வெளியே நிற்போருள் யாருக்கு வாயில் திறக்கப்படும் என்பன வரலாற்று மாணவனின் பழைய வினாக்களே. கொம்பனித்தெரு போன்றதோர் இடத்திலே நின்று நோக்குமிடத்து அவை இன்னுந் தெளிவாகத் தோன்றுகின்றன.

1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கோட்டையைத் தம் தேவைக்கேற்பத் திருத்தியமைத்தனர். ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியும் அரணாயின. பகலிலே கோட்டையினுள்ளும் நகரத்துள்ளும் உழைத்த அடிமைகளை இரவிலே அங்கு தங்கவிடாது, வாவி சூழ்ந்த நிலத்துண்டொன்றுக்குக் கொண்டுசென்று அடைத்தனர். அதனாலேயே ஆங்கிலேயர் அவ்விடத்துக்கு அடிமைத்தீவு என்னும் பொருள்படப் பெயர் வழங்கினர். தமிழரும் சிங்களவரும் வழங்கும் பெயர் வேறு. கொம்பனி என்னும் சொல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியைச் சுட்டியதென்பாரும், பின்னாளில் அங்கு குடியேறிய மலாய்ப் படைவீரரின் கொம்பனிகளைச் சுட்டியதென்பாரும் உளர். அடிமைமுறை 1844இல் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. கோட்டைச் சுவர்களைப் பிரித்தானியர் 1869 தொடக்கம் இடித்தனர். டெல்ப் வாயிலின் எச்சம் இன்று வங்கியொன்றின் வளாகத்துள் நிற்கின்றது. வாயில் காத்த இடத்திலே வங்கி வந்து அமர்ந்தது தற்செயலே எனினும் பொருத்தமானதே.

ஈண்டு மனங்கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. கோட்டையின் அன்றாட வாழ்வு, கோட்டைக்கு வெளியே வைக்கப்பட்டவரின் உழைப்பின்றி நடைபெறவில்லை. சுவர் எவ்வளவு வலிதாயினும் வாயில் நாள்தோறும் திறக்கப்படவேண்டியிருந்தது. அரண் அமைப்போர் சுவரின் தடிப்பையே பெரிதும் எண்ணுவர். வாயிலின் ஒழுங்கை எண்ணுவது குறைவு. இதே குறையைக் கணினிக் காவலின் வரலாற்றிலும் காண்கிறோம்.

சுவர் இடிக்கப்படுதற்கு முன்னரே மற்றொரு மாற்றம் நிகழத் தொடங்கியிருந்தது. 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்திக்கம்பி இணைக்கப்பட்டது. வணிகர், முதன்முறையாகத் தம் இரகசியத்தைத் தமக்குச் சொந்தமல்லாத கம்பியொன்றில் அனுப்பவேண்டியவராயினர். தந்தி நிலைய எழுதுவினைஞர் ஒவ்வொரு சொல்லையும் வாசிப்பார். இதற்கு வணிக உலகம் கண்ட உபாயமே குறிச்சொல் நூல்கள். ஏ.பீ.சீ. குறிநூல், பெந்திலி குறிநூல் முதலியன உலகெங்கும் வழங்கின. ஒரு முழு வாக்கியத்துக்கு ஒரு சொல் என்ற முறையினாலே தந்திச்செலவு குறைந்தது. ஓரளவு மறைவுங் கிட்டியது. ஆயின் கடையிலே விலைக்கு விற்கும் நூலைக் கொண்டு எழுதப்படுவது எங்ஙனம் இரகசியமாகும்? ஆகவே அதன்மேல் தமக்கே உரிய தனிக்குறிகளை ஏற்றி அனுப்பிய வணிக இல்லங்களும் இருந்தன. பொதுவழியிலே தனிச்செய்தியை அனுப்புதல் என்னும் எண்ணக்கரு இவ்வாறு கணினிக்கு நெடுங்காலம் முற்பட்டது. 1883இல் தேயிலை ஏலம் தொடங்கிய கொழும்புக்கு அது புதியதன்று.

கணினி வலையமைப்புகளுக்குச் சுவர் வேண்டும் என்ற எண்ணம் ஏறத்தாழ 1988ஆம் ஆண்டளவிலே உருவாயிற்று. அவ்வாண்டு நவம்பர் 2ஆம் திகதி, மொறிஸ் என்னும் மாணவர் பரவவிட்ட நிரலொன்று அன்றைய இணையத்தில் இணைந்திருந்த சுமார் 60,000 கணினிகளுள் ஏறத்தாழப் பத்திலொரு பங்கை முடக்கியதென மதிப்பிடப்பட்டது. அதுவரை ஆய்வாளரிடையே நிலவிய ஊர்க்கதவு திறந்த உறவு அன்றோடு முடிந்தது. அதே காலப்பகுதியிலே டிஜிற்றல் நிறுவனப் பொறியியலாளரும் பெல் ஆய்வுகூடத்தினரும் பொதிகளை வடிக்கும் முறைகளை வகுத்தனர். பெல் ஆய்வுகூடத்து வில்லியம் செஸ்விக் 1990இல் எழுதிய கட்டுரையிலேயே, புறத்தே வன்மையும் அகத்தே மென்மையும் கொண்ட இவ்வமைப்பின் குறையை வேடிக்கையாகச் சுட்டியிருந்தார். உள்ளே புகுந்துவிட்டவனை எவரும் வினவமாட்டார் என்பதே அக்குறை.

சுவர் வந்ததும் வாயில் வேண்டப்பட்டது. 1996இல் மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் குர்தீப் சிங் பால் முதலியோர் வேறு சில நிறுவனங்களுடன் சேர்ந்து உருவாக்கிய பீ.பீ.ரீ.பீ. என்னும் நெறிமுறை விண்டோஸ் என்.ரீ. நான்காம் பதிப்புடன் வெளிவந்தது. எளிதாக அமைக்கத்தக்கதாகையால் அது எங்கும் பரவிற்று. அதன் பலவீனங்களை புறூஸ் ஷ்னையர் முதலானோர் 1998இலேயே எடுத்துக்காட்டினர். 2012இலே, அதிற் பயன்பட்ட அடையாளச் சரிபார்ப்பு முறையை ஒரு நாளுக்குள் உடைக்கலாம் என்பது மாநாடொன்றில் செய்து காட்டப்பட்டது. அப்பிள் நிறுவனம் 2016இல் தன் கருவிகளிலிருந்து அதனை நீக்கிவிட்டது. அவ்வாறிருந்தும் பழைய தீச்சுவர்களிலே அது நெடுநாள் தொடர்ந்து இயங்கிற்று. பிழையென அறியப்பட்டதற்கும் கைவிடப்பட்டதற்கும் இடைப்பட்ட இந்த நீண்ட காலமே வரலாற்று மாணவன் உற்று நோக்கவேண்டிய பகுதி.

இனி, பழைய பெட்டியொன்றிலே இவ்வாயிலை அமைப்பது எத்தகையதென்பதைச் சற்று விரிவாகக் காண்போம். சிறு அலுவலகங்களுக்கென சிஸ்கோ நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஏ.எஸ்.ஏ. 5505 என்னும் கருவியை எடுத்துக்கொள்ளலாம். அதன் விற்பனை 2017இலும் ஆதரவு 2022இலும் முடிவுற்றன. எனவே 2020இல் அது முதுமையெய்திய, ஆயின் கைவிடப்படாத கருவி. அடிப்படை உரிமத்துடன் வாங்கப்பட்டிருப்பின் ஒரே வேளையிலே 10 ஐபீசெக் இணைப்புகளையே அது ஏற்கும், எஸ்.எஸ்.எல். வகை இணைப்புக்கு 2 பேருக்கே இடமுண்டு. மேலதிக உரிமம் பெறினும் 25க்கு மேற் செல்லாது. நாற்பது பேர் பணிபுரியும் அலுவலகமொன்றில் அப்பத்து இடங்கள் யாருக்கு? தொழினுட்ப வினாவாகத் தொடங்கியது ஈண்டு பதவிப்படிநிலை பற்றிய வினாவாக மாறிவிடுகின்றது. முகாமையாளருக்கு முதலிடம் என்பது எவரும் எழுதாத விதி. நாளாந்தம் கணக்குப் பதிய வேண்டிய எழுதுவினைஞர் வரிசையில் நிற்பார்.

முகவரிச் சிக்கல் வேறொன்று. அலுவலகத்தின் அகமுகவரிகள் 192.168.1 எனத் தொடங்குமாயின், ஊழியர் வீட்டிலுள்ள சிறு வழிச்செலுத்தியும் அதே இலக்கங்களையே வழங்கியிருத்தல் கூடும். அப்பொழுது கணினி, அலுவலகக் கோப்பகத்தைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். ஒரே பெயருள்ள இரு தெருக்களுக்கிடையே தடுமாறும் தபாற்காரனின் நிலை அது. சுரங்கத்தினூடாக வரும் பயனாளருக்கென வேறு முகவரித் தொகுதியொன்றை ஒதுக்குவது மட்டும் இதற்குப் போதாது. அலுவலக முகவரிகளையே மாற்றவேண்டியும் நேரும். ஊரடங்கு வேளையிலே எவர் அதற்குத் துணிவார்? பயனாளரின் போக்குவரத்து முழுவதையும் அலுவலகத்தின் ஊடாகச் செலுத்துவதா, அலுவலகத்துக்குரியதை மட்டும் செலுத்துவதா என்பதும் தீர்மானிக்கப்படவேண்டும். முன்னையது கண்காணிப்புக்கு ஏற்றது, பழைய கருவியையோ மூச்சுத்திணற வைப்பது. பின்னையது இலகுவானது, வீட்டுக் கணினியிலுள்ள நோயை அலுவலகத்துக்குக் கொண்டுவரக்கூடியது.

இவையெல்லாவற்றினும் முக்கியமானது அடையாளச் சரிபார்ப்பு. எல்லா ஊழியருக்கும் பொதுவான ஒரே திறப்புச்சொல்லை வழங்குவது விரைவானது. கடையில் விற்கும் குறிநூலைப் போன்று அது நாளடைவிலே யாருக்கும் இரகசியமற்றதாகும். ஒவ்வொருவருக்கும் தனிக்கணக்கு, தனிக் கடவுச்சொல், அதனுடன் கைத்தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீடு என அமைப்பதே முறை. அவசரத்திலே இவ்வளவுக்கும் பொறுமையற்று, சுரங்கத்தை அமைக்காது சுவரிலே நேரடியாக ஓட்டையிட்டு, அலுவலகக் கணினியின் திரையையே இணையத்துக்குத் திறந்துவைத்த வழக்கமும் உலகெங்கும் காணப்பட்டது. அவ்வாறு திறந்திருப்பதைக் கண்டுபிடிக்க, உலகம் முழுவதையும் இடைவிடாது தட்டிப்பார்க்கும் நிரல்களுக்கு நெடுநேரம் தேவையில்லை.

அமெரிக்காவின் கொலோனியல் எண்ணெய்க்குழாய் நிறுவனத்துக்கு 2021 மே மாதத்தில் நேர்ந்தது இதற்குச் சிறந்த சான்று. கப்பம் கோரும் நிரலொன்றினால் நாட்டின் கிழக்குக்கரை எரிபொருள் விநியோகம் பல நாட்களாகத் தடைப்பட்டது. நிறுவனம் 75 பிற்கொயின், அதாவது ஏறத்தாழ 44 இலட்சம் டொலர், கப்பமாகக் கொடுத்தது. சுவரை யாரும் தகர்க்கவில்லை. பயன்பாட்டில் இல்லையெனக் கருதப்பட்ட பழைய வீ.பீ.என். கணக்கொன்று மூடப்படாதிருந்தது; அதற்குக் கடவுச்சொல்லைத் தவிர வேறு சரிபார்ப்பு இல்லை. நிறுவனத் தலைவர் செனற் சபைக் குழுவின் முன் இதனை ஒப்புக்கொண்டார். நம் நாட்டிலும் 2023 ஓகஸ்ற் மாதத்தில் அரசின் முகில் கணினிச் சேவை தாக்குதலுக்குள்ளாகி, அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச மின்னஞ்சல்களுள் மே 17 முதல் ஓகஸ்ற் 26 வரையான காலத்துக்குரியவை இழக்கப்பட்டன. அது தீச்சுவர் பற்றிய நிகழ்ச்சியன்றெனினும், 2013ஆம் ஆண்டின் மின்னஞ்சல் மென்பொருளே அங்கு தொடர்ந்து பயன்பட்டதென்பதும், நிதிப் பற்றாக்குறையால் அதனைப் புதுப்பிக்க இயலவில்லை என விளக்கப்பட்டதும் நோக்கற்பாலன. பழமை என்பது ஆண்டுக்கணக்கு மாத்திரமன்று. புதுப்பிக்கும் வலுவற்ற வறுமையும் அதிலடங்கும். 2025 செப்ரெம்பரில் அமெரிக்க அரசு, ஏ.எஸ்.ஏ. வகைத் தீச்சுவர்களை உடனடியாகப் பரிசோதிக்குமாறும், ஆதரவு முடிவுற்றவற்றை அகற்றுமாறும் தன் திணைக்களங்களுக்கு அவசரப் பணிப்புரை விடுத்தது. பணிப்புரையின்படி புதியதை வாங்கும் செல்வம் எல்லா நாட்டுக்கும் வாய்ப்பதில்லை.

உள்ளே வந்தவரையும் ஒவ்வொரு முறையும் வினவவேண்டும் என்னும் கொள்கையை ஜோன் கிண்டர்வாக் என்பார் 2010இல் முன்வைத்தார். அதனைப் பெருநிறுவனங்கள் இன்று கைக்கொள்ளுகின்றன. அதன் நன்மையை மறுப்பதற்கில்லை. ஆயினும் நாள் முழுதும் ஊழியனின் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் வினவிக்கொண்டிருக்கும் ஒழுங்கு, காவலா அன்றிக் கண்காணிப்பா என்ற ஐயம் எழாமலில்லை.

கொம்பனித்தெருவின் அடுக்குவீடுகளிலும் ஒடுங்கிய ஒழுங்கைகளிலும் வாழும் துறைமுகத் தொழிலாளர், சமையலாளர், முச்சக்கரவண்டிச் சாரதிகள், துப்புரவுப் பணியாளர் ஆகியோருக்கு 2020இலே எந்தச் சுரங்கமும் பயன்படவில்லை. அலுவலகங்களுக்கு மிக அண்மையில் வாழ்ந்தோர் அவர்களே. ஆயின் அவர்தம் உழைப்பு தரவுப் பொதியாகிப் பயணஞ் செய்யக்கூடியதன்று. பல கல் தொலைவிலிருந்த கணக்காளர் அலுவலகத்தின் உள்ளே இருந்தார். தெருவின் மறுபுறத்திலிருந்த துப்புரவாளர் வெளியே நின்றார். தொலைவு என்பது நிலத்தின் அளவன்று என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் உதாரணம் கிடைப்பது அரிது.

பல்கலைக்கழகத்தாராகிய நமக்கும் இதிற் பங்குண்டு. லேர்ண் எனப்படும் கல்வி, ஆய்வு வலையமைப்பு 1990இல் மின்னஞ்சற் சேவையாகத் தொடங்கிப் பல்கலைக்கழகங்களை இணைத்தது. பெருந்தொற்றுக் காலத்திலே அதனூடாக விரிவுரைகளைத் தரவுக்கட்டணமின்றிப் பெற வழிசெய்யப்பட்டமை பாராட்டுக்குரியது. ஆய்வேடுகளை வெளியிடுவோரோ வாசகனை அவனது பெயரால் அன்றி, அவன் இணைந்திருக்கும் இடத்தின் முகவரியாலேயே பெரும்பாலும் அறிகின்றனர். நூலகத்துள் அமர்ந்து வாசிக்கத்தக்க கட்டுரை, அதே மாணவனுக்கு மட்டக்களப்பிலோ ஹற்றனிலோ உள்ள வீட்டிலே மறுக்கப்படுகின்றது. அவனுக்குச் சுரங்கம் வேண்டும். அதற்குக் கணக்கும் கடவுச்சொல்லும் வேண்டும். அக்கணக்குகளைத் திறப்பதிலுள்ள ஆர்வம் மூடுவதிலும் வேண்டும். ஆண்டுதோறும் பட்டம் பெற்று வெளியேறுவோரின் பெயர்கள் பட்டியலிலே தேங்குமாயின், கொலோனியல் நிறுவனத்தின் மறக்கப்பட்ட கணக்கைப் போன்றவை நூற்றுக்கணக்கில் நம்மிடமும் சேர்ந்துவிடும். இக்கட்டுரையாளன் வெளியேறும் நாளில் அவனது கணக்கும் மூடப்படவேண்டியதே. அதற்கு முன் வாசிக்கவேண்டிய கட்டுரைகள் சில எஞ்சியுள்ளன.