'திருகோணமலை' என்னும் போர்க்கப்பல்

பம்பாயில் ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா என்னும் பார்சித் தச்சரின் தலைமையில், மலபார்த் தேக்கினாற் கட்டப்பெற்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலொன்று 1817ஆம் ஆண்டு ஒக்டோபர் 12ஆம் நாள் கடலில் இறக்கப்பட்டது. 1782இல் திருகோணமலையை அடுத்த கடலில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருத போரின் நினைவாக அத்துறைமுகத்தின் பெயரே அதற்கு இடப்பட்டது. போரிற் பெரும்புகழ் எதனையும் அது ஈட்டவில்லை. காக்கத்தக்கதாக அதனை ஆக்கியது பம்பாய்த் தச்சரின் கைவேலையே எனலாம்.

1897இல் உடைப்பதற்கென விற்கப்பட்ட கப்பலை வீற்லி கொப் என்பார் மீட்டுப் பயிற்சிக் கப்பலாக்கினார். ஆயின், புயலில் தாம் இழந்த 'பூட்ரோயன்ற்' கப்பலின் பெயரை அதற்குச் சூட்டினார். காத்தவரே பெயரை மறைத்தமை விந்தையே! 1987இல் ஹாட்டில்பூலுக்குக் கொணரப்பட்டு, பல்லாண்டு உழைப்பாற் புதுப்பிக்கப்பட்டு, இன்று அங்கே மிதக்கும் நூதனசாலையாய் விளங்குகின்றது. உடற்பகுதியிற் பெரும்பகுதி பழைய தேக்கே. பெயர் மட்டும் 1992இலேயே மீண்டது.