கோணமலைச் சாசனங்களும் பன்மொழிக் கல்வியும்

ஈழத்தின் கீழ்கரையிலே இயற்கை வகுத்த துறைமுகங்களுள் தலைசிறந்தது திருகோணமலை. கலங்கள் தங்கும் துறையிற் பல மொழியும் பல சமயமும் தங்குதல் இயல்பு. அவ்வாறு வந்தோரும் வாழ்ந்தோரும் கல்லிலும் ஏட்டிலும் தம் சுவடுகளை விட்டுச் சென்றனர். அவற்றைக் கற்றறிதற்கு ஒரு மொழிப் புலமை அமையுமா என்பது ஈண்டு ஆராயற்பாலது.

பிரெடெரிக் கோட்டையிற் கிடைத்த சாசனமொன்று, சோடகங்கன் என்பான் சகம் 1145இல், அஃதாவது கி. பி. 1223இல், கோகர்ணத்துக்கு வந்தமையைக் கூறுகின்றது. திருஞானசம்பந்தர் தமிழாற் பாடிய தலத்தைப் பற்றிய இக்குறிப்பு, கிரந்த எழுத்தில் அமைந்த வடமொழியில் உளது. வடக்கே திரியாயில் உள்ள பாறைச் சாசனமும் பல்லவ கிரந்தத்தில் எழுதப்பெற்ற வடமொழியே. ஆயின் அது போற்றுவது சிவாலயத்தை அன்று. வணிகரோடு தொடர்புடைய பௌத்த சேதியத்தை. பெரியகுளத்தை அடுத்த வெல்கம் விகாரையோ இவற்றினும் வியப்புத் தருவது. அப்பௌத்தப் பள்ளி இராசராசப் பெரும்பள்ளி எனவும் வழங்கியது. அதற்கு அளிக்கப்பெற்ற கொடைகளைக் கூறும் சோழர் காலச் சாசனங்கள் தமிழில் உள்ளன.

ஆதலின், மொழி ஒன்றையே கொண்டு சமயத்தைத் துணிவார் வழுவுவர். விகாரை என்றவுடன் தமிழர்க்கு அதனொடு தொடர்பில்லை என்பாரும், தமிழ்ச் சாசனம் என்றவுடன் பௌத்தம் ஆங்கில்லை என்பாரும் கல்லின் சான்றோடு மாறுபடுவர். பழம்பொருள்களைக் காட்டி இன்றைய பூசல்களை வளர்க்கும் நாட்டிலே இத்தகைய வழு சிறிதன்று.

1620களிற் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை எடுத்தனர். அக்காலச் செய்திகளைக் குவேறோஸ் பாதிரியார், 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் போர்த்துக்கேய மொழியிலே பெருநூலாக எழுதி வைத்தார். ஆலயத்தை இழந்தோர் தம் இழப்பின் வரலாற்றை முற்ற அறிதற்கு, இடித்தோர் மொழியையும் கற்றல் வேண்டும். 1639இல் இத்துறையைக் கைப்பற்றிய ஒல்லாந்தரின் ஏடுகளுக்கும் இஃது ஒக்கும்.

இவ்வகைக் கல்விக்கு எடுத்துக்காட்டாய் விளங்கியவர் விபுலானந்த அடிகள். 1920களில் திருகோணமலை இந்துக் கல்லூரியில் அதிபராய்ப் பணியாற்றிய அவர், இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. இராமகிருஷ்ண மடத்துத் துறவி. சேக்சுபியரின் நாடகங்களைத் தமிழ் நாடக மரபோடு ஒப்புநோக்கி மதங்க சூளாமணியை இயற்றினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார். 1947இல் வெளிவந்த யாழ்நூலிலே கணிதமும் இசையும் தமிழ்ப் புலமையும் ஒன்றுபட்டன. பிறதுறைக் கல்வி அவர்தம் தமிழைக் குறைத்திலது, ஆழப்படுத்திற்று.

தாய்மொழியே இன்னும் முற்றக் கல்லாதார்க்குப் பிற மொழியும் பிற சமயமும் எற்றுக்கு என வினவுவார் உளர். ஒருவரே அனைத்தையும் கற்றல் அரிது என்பது மெய்யே. அவ்வருமை நோக்கியன்றோ பல்கலைக்கழகம் வேண்டப்படுவது! பாளி வல்லார், வடமொழி வல்லார், அரபு வல்லார், தமிழ் வல்லார், சிங்களம் வல்லார் ஆகியோர் ஓரிடத்திருந்து, ஒருவர் படித்ததை மற்றவர் சோதித்துத் திருத்துதற்கு அதுவே களம். கோணமலைக் கற்களின் பொருளை அவர்கள் கூடியிருந்து காண்பாராயின், அவற்றின் பேராற் பூசல் விளைத்தல் எளிதாகாது.