நிலநடுக்கக் கட்டட விதிகள்: குவெட்டா முதல் பூஜ் வரை

1935 மே 31 அதிகாலை மூன்று மணியளவில், ஊர் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தபோது குவெட்டா நகரம் சரிந்தது. பலுசிஸ்தானின் பாசறை நகரமாக ஆங்கிலேயர் வளர்த்த ஊர் அது. இறந்தோர் தொகை 30,000 என்பாரும் உண்டு, 60,000 என்பாரும் உண்டு. கடைவீதியும் குடியிருப்புகளும் மண்மேடாகிக் கிடந்த ஊரில், ரயில்வே ஊழியர்களுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட வீடுகள் நிமிர்ந்து நின்றன. துணைக்கண்டத்தின் நிலநடுக்கக் கட்டட விதிகளின் வரலாற்றை இந்த வீடுகளிலிருந்து தொடங்குவதே சரி.

அவற்றை வடிவமைத்தவர் வடமேற்கு ரயில்வேயின் இளம் பொறியாளர் எஸ். எல். குமார். 1931-இல் பக்கத்து மாச் பகுதி குலுங்கியதை அடுத்து அந்தப் பொறுப்பு அவரிடம் வந்தது. சாதாரண வீட்டுச் சுவர் மேலிருந்து இறங்கும் பாரத்தைத் தாங்கினால் போதும். நிலநடுக்கமோ பக்கவாட்டில் தள்ளும். கட்டடத்தின் எடையில் பத்தில் ஒரு பங்கு விசை பக்கவாட்டில் வந்தாலும் தாங்கும்படி குமார் கணக்கிட்டார். எலும்புக்கூடாக நிறுத்தியது கழித்துப்போட்ட தண்டவாளங்களை! 1933-இல் அவர் எழுதிய கட்டுரையில் அபாயப் பகுதிகளைப் பிரித்துக்காட்டும் வரைபடமும் இருந்தது.

ஊரைத் திரும்பக் கட்டியபோது ‘குவெட்டா பிணைப்பு’ என்ற செங்கல் அடுக்குமுறை பரவியது. ஒன்றரைச் செங்கல் கனமுள்ள சுவருக்குள்ளேயே ஆங்காங்கே செங்குத்தான குழிகள் விடுவார்கள். அவற்றில் கம்பியை நிறுத்திச் சாந்தை நிரப்புவார்கள். அஸ்திவாரத்துக்கு மேலும் கூரைமட்டத்திலும் கான்கிரீட் பட்டைகள் சுவர்களைச் சுற்றிவளைத்துக் கட்டிப்போடும். கொத்தனார் கைக்குப் பழகிய வேலைதான். கம்பியும் கொஞ்சம் கவனமும் கூடுதல்.

சுதந்திர இந்தியா தன் முதல் நிலநடுக்கத் தரநிலையான ஐ.எஸ். 1893-ஐ 1962-இல் வெளியிட்டது. அதன் வரைபடத்தை ஒவ்வொரு பேரிடரும் திருத்தியது. தக்காண பீடபூமி அசையாது என்ற நம்பிக்கையை 1967 டிசம்பரில் கொய்னா நிலநடுக்கம் உடைத்தது. 1993-இல் மகாராஷ்டிரத்தின் கில்லாரி வட்டாரம் குலுங்கியபோது, மண்சாந்தில் அடுக்கிய கனத்த கற்சுவர்களும் மேலே கொட்டியிருந்த மண்கூரையும் ஏறத்தாழ 10,000 பேர் மேல் விழுந்தன. அந்த வட்டாரம் அப்போது மிகக் குறைந்த அபாய மண்டலத்தில் இருந்தது.

குஜராத்தின் கச்சு விஷயத்தில் அந்தச் சாக்கும் இல்லை. 1819-இல் பூஜ் நகரை உலுக்கி, ரண் நிலத்தில் ‘அல்லா பந்த்’ என்ற நீண்ட மேட்டையே எழுப்பிய பூமி அது. தரநிலையும் அதை உச்ச அபாயமான ஐந்தாம் மண்டலத்தில் வைத்திருந்தது. ஆனால் இந்தியத் தரநிலை தானாகச் சட்டமாகிவிடாது. உள்ளாட்சி தன் விதிகளில் சேர்த்து, அதிகாரி நேரில் பார்த்தால்தான் உயிர்பெறும். 2001 ஜனவரி 26 காலை 8:46 மணிக்கு வந்த அதிர்ச்சியில் பூஜ் கோட்டைக்குள் இருந்த கல்வீடுகள் குறுகிய சந்துகளுக்குள்ளேயே கொட்டின. வெளியே ஓடியவர்களுக்கும் இடமில்லை. 18-ஆம் நூற்றாண்டின் ஆய்னா மகாலும், இத்தாலிய கோதிக் பாணியில் எழுந்த பிராக் மகாலும் பெரும் சேதமடைந்தன. கிராமப்புறத்தின் வட்டவடிவ மண்வீடுகளான ‘பூங்கா’க்கள் பல, கூம்புக்கூரை கலையாமல் தப்பின. மொத்தம் 13,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அதைவிட அதிரவைத்தது 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத். அங்கே புத்தம்புது அடுக்ககங்கள் விழுந்து 700-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கார் நிறுத்தத்துக்காகக் கீழ்த்தளத்தைச் சுவரின்றி வெறும் தூண்களில் நிறுத்தியதே பலவற்றுக்கு எமனாயிற்று. மேல்தளங்கள் சுவர்களால் இறுகியிருக்க, மொத்த அசைவும் அந்தத் தூண்களின் தலையில் விடிந்தது.

பூஜ் மறுகட்டுமானத்தில் ஒவ்வொரு மனையிலும் ஒரு பங்கைக் கழித்துத் தெருக்களை அகலப்படுத்தினார்கள். முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. 2002-இல் ஐ.எஸ். 1893 மீண்டும் திருத்தப்பட்டது: முதல் மண்டலம் நீக்கப்பட்டு, சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாவதுக்கு உயர்ந்தது. அதற்குமுன் சென்னையில் எழுந்த, கீழே ஸ்டில்ட் பார்க்கிங் விட்ட அடுக்ககங்களில் இன்றும் குடியிருக்கிறார்கள்.