4 மாடு, 15 நிமிடம்: அமெரிக்க மாணவர்களுக்கு கால்நடை மதிப்பீட்டுப் போட்டி கற்றுத் தருவது என்ன?

அமெரிக்காவில் பள்ளி மாணவர்கள் மாடு, பன்றி, ஆடுகளைப் பார்த்து எது சிறந்தது என்று தரவரிசை சொல்லும் போட்டிகள் பல பத்தாண்டுகளாக நடந்து வருகின்றன. இதில் மதிப்பெண் மாட்டுக்கு இல்லை; மாட்டைப் பார்த்து முடிவு சொல்லும் மாணவருக்குத்தான்.

யார் நடத்துறாங்க?

1902ல் ஓஹாயோ மாநிலத்தில் வேர்விட்ட '4-ஹெச்' இளைஞர் அமைப்பும், 1928ல் கான்சாஸ் சிட்டியில் தொடங்கிய 'எஃப்.எஃப்.ஏ' மாணவர் அமைப்பும் முக்கியமானவை. மாநிலப் போட்டியில் ஜெயிக்கும் 4-ஹெச் அணிகள், கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் நடக்கும் தேசியப் போட்டியில் மோதுகின்றன.

போட்டி எப்படி நடக்கும்?

ஒரு சுற்றுக்கு 4 கால்நடைகள் நிறுத்தப்படும். 1 முதல் 4 வரை எண் இருக்கும். சுமார் 15 நிமிடத்தில் வரிசைப்படுத்த வேண்டும். மொத்தம் 24 விதமாக வரிசைப்படுத்த முடியும். பக்கத்தில் நிற்கும் சக அணி மாணவரிடம்கூட பேசக் கூடாது.

எதற்காக வளர்க்கப்படுகிறது என்பதும் முக்கியம். இறைச்சிக்கான பன்றி என்றால் சதைப்பிடிப்பும் கொழுப்பின் அளவும் பார்க்கப்படும். இனப்பெருக்கத்துக்கான கிடேரி என்றால் பல வருஷம் தாங்கும் கால், குளம்பு, நடை, உடல்வாகு எல்லாம் கணக்கு.

மார்க் எப்படி?

ஒரு சுற்றுக்கு 50 மதிப்பெண். நடுவர்கள் சரியான வரிசையோடு, அடுத்தடுத்த இரண்டு கால்நடைகளுக்கு நடுவே எவ்வளவு வித்தியாசம் என்றும் எண் கொடுப்பார்கள். இதற்கு 'கட்' என்று பெயர்.

உதாரணமாக, சரியான வரிசை 3-1-4-2 என்றும், கட் 6, 2, 4 என்றும் வைத்துக்கொள்வோம். முதல் இரண்டை மாற்றிப் போட்டால் 6 போய் 44 கிடைக்கும். நடுவில் உள்ள இரண்டை மாற்றினால் 2 மட்டும் போய் 48. பளிச்சென்று தெரியும் வித்தியாசத்தைக் கோட்டை விட்டால் தண்டனை அதிகம்; நூலிழை வித்தியாசம் என்றால் குறைவு.

உண்மையான சவால் எது?

'ஓரல் ரீசன்ஸ்' எனும் வாய்மொழி விளக்கம்தான். குறிப்புச் சீட்டைப் பார்க்காமல், நடுவர் முன் நின்று, 2 நிமிடத்துக்குள் தன் வரிசைக்குக் காரணம் சொல்ல வேண்டும். இதற்கும் 50 மதிப்பெண்.

"3-க்கு சதைப்பிடிப்பு அதிகம், அதனால முதலிடம்" என்பதோடு முடியாது. "ஆனா 1 இதைவிட நல்லா நடக்குது, அதை ஒத்துக்கிறேன்" என்று பின்னால் வைத்த மாட்டின் நல்ல அம்சத்தையும் சொல்ல வேண்டும். மாட்டில் இல்லாததைச் சொன்னால் மதிப்பெண் போகும். வரிசை கொஞ்சம் தவறினாலும், பார்த்ததை உண்மையாகச் சொன்னவருக்கு இந்தப் பகுதியில் நல்ல மதிப்பெண் வாங்க வாய்ப்பு உண்டு.

தலைமைப் பண்புக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?

நேரத்துக்குள் தனியாக முடிவெடுப்பது, அதற்குப் பொறுப்பேற்பது, எதிர்த்தரப்பின் பலத்தை ஒப்புக்கொண்டே தன் முடிவை விளக்குவது. இந்த மூன்றும் வேலைக்கான நேர்காணலுக்கும் தேவை, ஊர்க் கூட்டத்துக்கும் தேவை. அமெரிக்காவில் விவசாயக் குடும்பங்கள் மக்கள்தொகையில் 2 சதவீதத்துக்கும் குறைவு. பண்ணைக்குப் போகாத மாணவருக்கும் இந்தப் பயிற்சி கைகொடுப்பது இதனால்தான். மதிப்பீட்டு அணியில் சேர்பவர்களுக்கு உதவித்தொகை தரும் கல்லூரிகளும் அங்கே உள்ளன.

கண் பார்வை மட்டும் போதுமா?

போதாது. 1940, 50களில் அமெரிக்கக் கண்காட்சிகளில் குட்டையான, கட்டுமஸ்தான மாடுகளுக்கே பரிசு குவிந்தது. பண்ணையாளர்களும் அதையே தேடி வளர்க்க, ஹியர்ஃபோர்டு, ஆங்கஸ் இனங்களில் குள்ளத்தன்மை எனும் மரபுக் குறைபாடு பரவியது. கண்காட்சி மேடையில் சொல்லும் தீர்ப்பு மந்தையையே மாற்றிவிடும்.

இன்று பல சுற்றுகளில் பிறப்பு எடை, வளர்ச்சி பற்றிய மரபுத் தரவுகளையும் மாணவர்களிடம் கொடுக்கிறார்கள். அழகாக நிற்கும் மாட்டையும் தாளில் உள்ள எண்களையும் சேர்த்துப் பார்த்தே முடிவு சொல்ல வேண்டும்.