வரைபட எடுத்துக்காட்டுகளைச் சோதிக்கும் முறை வளர்ந்த வரலாறு

பைத்தான் மொழியில் வரைபடம் வரையப் பயன்படும் மேட்பிளாட்லிப்பை 2003இல் வெளியிட்டவர் ஜான் ஹண்டர். நரம்பியல் ஆய்வாளரான அவர், வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைப் பதிவுகளைப் பார்ப்பதற்காக இந்தப் பணியில் இறங்கினார். அதனுடன் வந்த எடுத்துக்காட்டு நிரல்கள் கற்பவர்களுக்குக் கையேட்டைப் போலவே முக்கியமானவை. தமக்கு வேண்டியதை ஒத்த படத்தைத் தேடி, அதன் நிரலை எடுத்து, தரவை மட்டும் மாற்றிக்கொள்வது பரவலான வழக்கம். எனவே எடுத்துக்காட்டு ஒன்று பழுதானால் முதலில் தடுமாறுபவர் புதிதாக வந்தவர்தான்.

ஆனால் அவற்றைத் தானாகச் சோதிப்பது எளிதாக இல்லை. பெரும்பாலான எடுத்துக்காட்டுகள் 'ஷோ' என்ற கட்டளையில் முடியும். அது திரையில் ஒரு சாளரத்தைத் திறந்து, யாராவது மூடும்வரை காத்திருக்கும். பில்டு நடக்கும் சர்வரில் திரையும் கிடையாது, மூடுவதற்கு ஆளும் கிடையாது.

இதற்காகத் தொடக்க காலத்தில் 'பேக்எண்ட் டிரைவர்' என்றொரு ஸ்கிரிப்ட் இருந்தது. அது ஒவ்வொரு எடுத்துக்காட்டையும் வரிவரியாகப் படித்து, ஷோ வரும் வரிகளை நீக்கும். எந்த வரைவு எஞ்சினில் ஓட வேண்டும் என்பதைச் சேர்க்கும். படத்தைக் கோப்பாகச் சேமிக்கும் வரியைக் கடைசியில் ஒட்டும். இப்படி உருவான தற்காலிக நகலை ஓட்டிப் பார்க்கும். சாளரமே இல்லாமல் நினைவகத்தில் பிக்சல்களை வரையும் 'ஆக்' எஞ்சின் இருந்ததால் இது சாத்தியமாயிற்று. எளிய, துணிச்சலான ஏற்பாடு. ஆயினும் நிரல் ஓடியதா, முறிந்ததா என்பதை மட்டுமே அதனால் சொல்ல முடிந்தது. அச்சின் பெயர் படத்துக்கு வெளியே போய்விட்டாலும் சோதனை வெற்றி என்றே வரும்.

அந்தக் குறையைத் தீர்க்க மேற்கோள் படங்கள் வந்தன. சரியென ஒப்புக்கொண்ட படத்தைக் களஞ்சியத்தில் வைத்து, புதிதாக வரைந்ததை அதனுடன் பிக்சல் பிக்சலாக ஒப்பிடுவதே முறை. வேறுபாடுகளுடைய வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம் கண்டு, அது அனுமதித்த அளவைத் தாண்டினால் சோதனை தோற்கும். எங்கே மாறியது என்பதைக் காட்டும் வேறுபாட்டுப் படம் ஒன்றும் உருவாகும். முப்பரிமாணக் காட்சிகளுக்கான விடிகே மென்பொருளும் இதே வழியில் படங்களை ஒப்பிட்டே சோதிக்கிறது.

இங்கே பெருந்தொல்லை தந்தது எழுத்துரு. எழுத்துகளை வரையும் ஃப்ரீடைப்பின் பதிப்பு மாறினால் எழுத்தோரப் பிக்சல்கள் சற்றே நகரும். நிரலில் பிழையே இல்லாமல் சோதனைகள் தோற்கும். அதனால் மேட்பிளாட்லிப் ஃப்ரீடைப் 2.6.1ஐப் பல ஆண்டுகள் சோதனைக்கென நிலைநிறுத்தி வைத்தது. 2017இல் வந்த 2.0 பதிப்பு இயல்பு நிறங்களையும் தோற்றத்தையும் மாற்றியபோது, சோதனைகள் பழைய 'கிளாசிக்' பாணியிலேயே தொடர்ந்தன. இல்லையேல் மேற்கோள் படங்கள் அத்தனையையும் புதிதாக வரைய வேண்டியிருக்கும்.

இப்படி ஒப்பிடப்பட்டவை சோதனைக்கென்றே எழுதிய படங்கள். எடுத்துக்காட்டுகளுக்கு வழி வேறு திசையிலிருந்து வந்தது. சைகிட்-லேர்ன் திட்டத்தின் ஆவணக் கருவியிலிருந்து பிரிந்து வளர்ந்த ஸ்ஃபிங்ஸ்-கேலரியை மேட்பிளாட்லிப் 2017இல் ஏற்றுக்கொண்டது. ஆவணம் தயாராகும்போது அது எடுத்துக்காட்டுகளை ஓட்டி, திறந்திருக்கும் படங்களைச் சேமித்துப் பக்கத்தில் பதிக்கிறது. ஒன்று முறிந்தாலும் மற்றவை தொடர்ந்து ஓடும். இறுதியில் தோற்றவற்றின் பட்டியலோடு பில்டு தோல்வியடையும். இதனால் ஆவணத் தயாரிப்பே சோதனையும் ஆயிற்று. எடுத்துக்காட்டுகளுக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள பாதுகாப்பு இதுதான். ஆனால் இதில் பட ஒப்பீடு கிடையாது. படம் சரியாக வந்திருக்கிறதா என்பதை மதிப்பாய்வாளர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

க்யூடி, ஜிடிகே போன்ற கருவித்தொகுப்புகளின் சாளரங்களுக்குள் வரைபடத்தைப் பொருத்திக் காட்டும் எடுத்துக்காட்டுகளுக்கு இந்தப் பாதுகாப்பும் கிட்டவில்லை. அவற்றின் கோப்புப் பெயரில் 'எஸ்ஜிஸ்கிப்' என்ற அடையாளம் சேர்க்கப்பட்டது. அதைக் கண்டால் கேலரி அவற்றை ஓட்டாமல் விட்டுவிடும். சாளரத்தை முழுமையாக நம்பியிருக்கும் நிரல்களே சோதனைக்கு வெளியே நின்றது இந்த ஏற்பாட்டின் பெரிய குறை.